சிதம்பரத்தில் பதிவான சாவு

கம்மாபுரம்
4.11.2025

அன்புள்ள தம்பி தமிழ்வேந்தனுக்கு,

நான்கு நாளாக நீ போனை எடுக்கவில்லை. அதனால் கடிதம். நலம் விசாரிக்க இப்போது எனக்கு மனமில்லை.

உன் மாவட்டச் சுகாதார ஆபீசில் நீ தயாரித்த அறிக்கை எங்கள் சுகாதார நிலையத்துக்கு வந்தது. வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து வண்ணம் பூசியிருக்கிறாய். கடற்கரைப் பக்கம் சிவப்பு, நாங்கள் பச்சை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பிரசவத்தில் இறந்த தாய்மார்: பூஜ்யம்.

அப்படியென்றால் கொளஞ்சியம்மாள் யாரடா? ஏழு மாதம் அவள் வீட்டுக்கு நடந்த நர்ஸ் நான். ஆகஸ்டில் பிள்ளை பெற்றதும் ரத்தம் நிற்கவில்லை. இங்கே ஏற்ற ரத்தமில்லை. ஆம்புலன்ஸ் வர ஒன்றரை மணி நேரம். "அக்கா, குளுருது, போத்தி வுடுங்க" என்றாள். சிதம்பரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிரில்லை.

பச்சை வட்டாரத்துக்கு ரத்த சேமிப்பு அறை தேவையில்லை என்று இப்போது எங்கள் மனுவைத் திருப்பிவிட்டார்கள். பதில் எழுது.

உன் அக்கா
திலகவதி

கடலூர்
11.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் கோபம் புரிகிறது. ஆனால் சாவு எந்த ஊரில் பதிவாகிறதோ, எங்கள் ஆபீசில் அந்த ஊர்க் கணக்கில்தான் சேர்ப்போம். அந்தப் பெண் சிதம்பரத்தில் பதிவு. நான் எதையும் மறைக்கவில்லை. மேலதிகாரிகளிடம் நான் கேள்வி கேட்டால் வரவிருக்கும் பிரமோஷன் போய்விடும். நீயும் அரசு ஊழியர்தான், உனக்குத் தெரியாததா? மாமாவை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி
தமிழ்வேந்தன்

கம்மாபுரம்
25.11.2025

தமிழ்வேந்தனுக்கு,

நேற்று கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் கொளஞ்சியின் புருஷன் சடையப்பனைக் கூட்டி வந்தவள் நான்தான். மூன்று மாதக் குழந்தை தோளில். "ஒங்க பக்கம் சாவே இல்லன்னு ரிப்போர்ட்டு சொல்லுதே" என்றார் உன் அதிகாரி.

"அப்ப எம் பொண்டாட்டி எங்கங்க போயிட்டா?" என்று சடையப்பன் கேட்டார்.

அந்த அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் நீ உட்கார்ந்திருந்தாய். நான்தான் எழுந்து என் பதிவேட்டைக் காட்டினேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். அனுமதியில்லாமல் வந்ததற்கு இன்று எனக்கு மெமோ வந்துவிட்டது. வரட்டும்.

இந்தப் பொங்கலுக்குச் சீர் எடுத்து வராதே. பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து எதுவும் என் வாசல் ஏறக் கூடாது. அந்தப் பூஜ்யத்தைத் திருத்திவிட்டு வெறுங்கையோடு வா. அதுவரை எனக்குக் கூடப் பிறந்தவன் இல்லை.

திலகவதி
கிராம சுகாதாரச் செவிலியர்