மஞ்சளா, சிவப்பா?

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

என் வேலை என்னவென்று கேட்டிருந்தீர்கள். கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டரான சர்வரில் எது நடந்தாலும் எங்கள் திரையில் ஒரு வரி விழும். பச்சை சும்மா தகவல், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு ஆபத்து. சிவப்பு விழுந்தால் மேனேஜரின் போன் அடிக்கும். வரியைத் தட்டினால் முழு விவரமும் வரும்.

போன வாரம் ஒரு வேடிக்கை. சர்வர் சூடாகிறது என்று சிவப்பு வரி விழுந்துகொண்டே இருந்தது. போன் ஓயாமல் அடிக்கிறது என்று மேனேஜர் எரிந்து விழுந்தார். பக்கத்து நாற்காலிக் கண்ணாடிக்காரரிடம், "அந்தச் சூடு விஷயத்தை மஞ்சளா மாத்திடுய்யா" என்றார். அவரும் மாற்றினார். சில நாளில் சர்வர் கருகிப்போனது. மேனேஜர் விவரத்தைத் திறந்தார். மாற்றியவர் பெயர் இருந்தது. மாற்றச் சொன்னவர் பெயர் இல்லை. "இதுல யார் பேர் இருக்கோ அவர் கிளம்பலாம்" என்றார். கண்ணாடிக்காரர் டிபன் பாக்ஸோடு வெளியே போகும்வரை நாங்கள் யாரும் தலை நிமிரவில்லை. அவர் நாற்காலி இப்போது எனக்கு. ஜன்னலோரம், நல்ல காற்று.

அம்மா போர்த்திப் பழசான போர்வை ஒன்று அனுப்புங்கள். இங்கே வாங்கியது உடம்பில் ஒட்டவில்லை.

அம்மாவைப் பார்க்க லீவு கேட்டேன். "இப்ப மஞ்சளா, சிவப்பா?" என்றார் மேனேஜர். மஞ்சள்தான் என்றேன். "சிவப்பானதும் சொல்லு, பார்க்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது, லீவு கேட்டேன் என்பதோடு நிறுத்திவிடுங்கள்.

உங்கள் மகன்