உப்புக் குறைந்த நூடுல்ஸ்

அன்புள்ள கப்பல்காரருக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் உங்கள் இயந்திர அறையும் அங்கே நலம்தானே? இந்தக் கடிதம் அடுத்த துறைமுகத்தில் உங்கள் கைக்கு வந்துவிடும் என்று கம்பெனி அலுவலகத்தில் சொன்னார்கள். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் அந்த இரைச்சலுக்கு நடுவே நின்றுகொண்டு எதற்கெடுத்தாலும் "சரி, சரி" என்பீர்கள். நான் முக்கியமான இடத்துக்கு வரும்போது லைன் போய்விடும். இது அப்படித் தலையாட்டிவிட்டுப் போகிற விஷயமில்லை. வேலை முடிந்து, குளித்துவிட்டு, உங்கள் படுக்கையில் உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் வீட்டு நிலவரம். சமையலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. நான்தான் வாஷர் மாற்றினேன். கப்பல் இன்ஜினையே பிரித்துப் போடுகிறவரைக் கட்டிக்கொண்டு குழாய்க்கு நான் கையை நனைக்கவேண்டியிருக்கிறது, என் நேரம். கடையில் நல்ல கூட்டம். மழைக்காலம் வந்தால் வழுக்கி விழுகிறவர்கள் அதிகம், கண்ணாடி உடைகிறவர்களும் அதிகம். நாள் முழுக்க யாருடைய மூக்கிலோ பிரேமை வைத்து, யாருடைய காதுக்குப் பின்னாலோ கம்பியை வளைத்துக்கொண்டு நிற்கிறேன். முதலாளி வழக்கம்போல மழையைக் கும்பிடுகிறார்.

கடுகுக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது. பதறாதீர்கள், இறங்கிவிட்டது. சாதாரணக் காய்ச்சல்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடுகு என்று நீங்கள் உங்கள் பெண்ணைக் கூப்பிடுவதைப் பார்த்து நானும் எழுதும்போது மட்டும் அப்படி எழுதிக்கொள்கிறேன். நேரில் கூப்பிட இன்னும் வாய் வரவில்லை. ஒன்பது வயதுப் பெண்ணிடம் எனக்கு என்ன கூச்சம் என்று கேட்டால், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

பள்ளிக்கூட விடுமுறை விட்டதும் கடுகைத் தன்னோடு அழைத்துப் போய், அங்கேயே பள்ளியில் சேர்த்துவிடுவதாக உங்கள் அக்கா, அதான் என் அண்ணி, சொல்லியிருக்கிறார்களே. நீங்கள் சரி என்றீர்கள். நானும் சரி என்றேன். அண்ணி அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. இங்கே வந்து இரண்டு நாள் தங்கினபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது இந்த வீட்டுல விருந்தாளி மாதிரி இருக்கும்மா. நீ என்ன பண்ணுவ, பாவம்" என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பொய் என்று மறுக்க முடியவில்லை.

உங்களுக்கே தெரியும், நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கடுகு என்னை ஒரு குறை சொன்னதில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிடுவாள். "நல்லா இருக்கு, போதும்" என்பாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுவாள். இப்படி ஒரு பிள்ளையா என்று எதிர் வீட்டுத் தையல்காரம்மா வாயைப் பிளந்தார். நானும் முதலில் பூரித்துப்போனேன். தினமும் நாலு வகை செய்தேன், மறுநாள் அதைவிட நன்றாகச் செய்தேன். ஒருநாள் அடிப்பிடித்து, என்னாலேயே ஒரு வாய்க்குமேல் இறக்க முடியாமல் ஒரு கறி. அதையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு "நல்லா இருக்கு, போதும்" என்றாள். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. அடுத்தவர் வீட்டுக்குப் போனால் நாம் அப்படித்தானே சொல்வோம்?

இப்போது புதன்கிழமைக்கு வருகிறேன். காலையிலிருந்து அடைமழை. மதியத்துக்கு மேல் தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. இருட்டில் யாருக்குக் கண் பரிசோதிப்பது என்று முதலாளி ஷட்டரை இழுத்துவிட்டார். நான் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். கடுகுக்குத் துணையாக இருந்த தையல்காரம்மா, பிள்ளை நன்றாகத் தூங்குகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அறையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடியில் மழை வழிய வழிய, அதன் நிழல் சுவரில் மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தது. சுவரே கரைந்து ஓடுவது போல ஒரு மயக்கம். மின்விசிறி இல்லை, ஃபிரிட்ஜின் முனகல் இல்லை, மழைச் சத்தம் மட்டும். அவள் கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டேன். எவ்வளவு நேரம் இருந்தேனோ, எனக்கும் கண் சொருகியது. நீங்கள் போகும் கப்பல் இப்படித்தான் அசையுமோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது கண்ணைத் திறக்காமலே, "அம்மா, லைட்ட அணைச்சிடேன்" என்றாள்.

லைட் எங்கே எரிந்தது? கரண்ட்தான் இல்லையே. ஆனாலும் எழுந்துபோய் சுவிட்சைத் தட்டினேன். டிக்கென்று சத்தம் கேட்டதும் அவள் நிம்மதியாகப் புரண்டு படுத்தாள். அந்த "அம்மா" எனக்கு வந்ததல்ல, எனக்குத் தெரியும். அவளைப் பெற்றவளுக்கு வந்தது. ஆளில்லாத பக்கத்து வீட்டுப் பார்சலை நாம் வாங்கி வைப்பதில்லையா, அப்படி வாங்கி வைத்தேன். அதைத் திறக்க எனக்கு உரிமையில்லை என்று தெரிந்தும் சமையலறைக்கு வந்து கொஞ்சம் அழுதேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

அழுது முடித்ததும் பசித்தது. காலையிலிருந்து ஒன்றுமே சாப்பிடவில்லை. நாலு வகை செய்யத் தெம்பில்லை. பிள்ளையும் தூங்குகிறது. சரி, இன்றைக்கு நமக்கு மட்டும் செய்துகொள்வோம் என்று தோன்றியது. கல்யாணத்துக்கு முன் நான் ஒற்றை அறையில் தனியாக இருந்தேன் இல்லையா, அப்போது உடம்பும் மனசும் சரியில்லாத நாளெல்லாம் ஒரே பாத்திரத்தில் நூடுல்ஸ் செய்து சாப்பிடுவேன். இந்த வீட்டுக்கு வந்தபின் அதைத் தொட்டதே இல்லை. யாருக்காவது பரிமாறுகிற லட்சணமா அதற்கு இருக்கிறது?

ஆனால் என்ன சுகம் தெரியுமா? வெண்ணெய் உருகினதும் பூண்டைத் தட்டிப் போட்டு, ஒரு கரண்டி மைதாவைத் தூவி வாசனை வரக் கிளறினேன். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டி தட்டாமல் கலக்கினேன். காய்ச்சல்காரிக்கு சூப் வைத்த சிக்கன் மீதி இருந்தது, அதைப் பிய்த்துப் போட்டு, மிச்ச சூப்பையும் ஊற்றினேன். கொதி வந்ததும் நூடுல்ஸ் அதிலேயே வெந்தது. கடைசியில் ஃபிரிட்ஜில் இருந்த கிரீம், கொஞ்சம் மிளகு. அரை மணிகூட ஆகவில்லை. இதை எடுத்து வைத்துக்கொண்டு யாருக்காகவும் காத்திருக்க முடியாது, ஆறினால் பசைதான், போஸ்டர் ஒட்டலாம். அதனால் தட்டுக்குக்கூடப் போகாமல் பாத்திரத்தோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆவி முகத்தில் அடித்தது. வெளியே மழை. ஒரு நிமிஷம் நான் யாருக்கும் மனைவியில்லை, யாருக்கும் எதுவும் இல்லை.

நிமிர்ந்து பார்த்தால் போர்வையைச் சுற்றிக்கொண்டு கடுகு வாசலில் நிற்கிறாள். கண்ணாடி போட்டிருந்தாள். வந்து எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். தட்டு எடுக்க நான் எழுந்தேன். "வேணாம், இதுலயே" என்றாள். இன்னொரு முள்கரண்டி கொடுத்தேன்.

அவள் குனிந்ததும் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. துடைத்தாள். மறுபடி படிந்தது. எரிச்சலோடு கழற்றி என் மடியில் போட்டாள். அந்தக் கண்ணாடியைப் போட்டுவிட்டவள் நான்தானே, அவள் பவர் எனக்கு மனப்பாடம். அது இல்லாவிட்டால் ஒரு கை தூரத்துக்கு அப்பால் அவளுக்கு எல்லாமே கரைந்த சாயம்தான். நான் அவளுக்கு அப்போது ஒரு மஞ்சள் புடவை நிறம், அவ்வளவுதான். சிரிக்கிறேனா, முறைக்கிறேனா, ஒன்றும் தெரிந்திருக்காது.

இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றாவது வாயில் முகத்தைச் சுளித்தாள்.

"உப்பே இல்ல. பூண்டு வேற கருகியிருக்கு."

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. சூப்பில் உப்பு இருக்கும் என்று நினைத்து நான் போடவில்லை. காய்ச்சல் பிள்ளைக்கு வைத்த சூப்பில் ஏது உப்பு? அவள் எழுந்து, மேடையைத் தடவித் தடவி உப்பு டப்பாவைக் கண்டுபிடித்து, தானே போட்டுக் கிளறி, ருசி பார்த்து, இன்னும் கொஞ்சம் போட்டாள். பிறகு மெதுவாக, மற்ற நாளெல்லாம் எப்படி இருந்தது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மடை திறந்துவிட்டது. முட்டையை நான் கல்லாக்கிவிடுகிறேனாம். எல்லாவற்றிலும் எண்ணெய் மிதக்கிறதாம். பீட்ரூட்டைக் கண்டாலே குமட்டுமாம், அதை நான் வாரம் தவறாமல் செய்கிறேனாம். அந்த அடிப்பிடித்த கறியைக்கூட விட்டுவைக்கவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என்னை யாரும் இவ்வளவு சந்தோஷமாகத் திட்டினதில்லை.

பின்னே ஏன் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். நூடுல்ஸைக் கரண்டியில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"அப்பா கப்பலுக்குப் போறப்ப சொன்னாங்க, உங்களுக்கு எந்தத் தொந்தரவும் குடுக்கக் கூடாதுன்னு. குடுத்தா நீங்க போயிடுவீங்கன்னு நினைச்சேன்."

அத்தை வீட்டுக்குப் போக அவளுக்கு இஷ்டமா என்று அப்போதுதான் கேட்டேன். பாருங்கள், இத்தனை நாளில் நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் தோளைக் குலுக்கினாள்.

"நான் போயிட்டா நீங்க இருப்பீங்கல்ல, அப்பாவுக்கு."

நான் எங்கேயும் போகப்போவதில்லை என்றேன். "அப்ப நான்?" என்று கேட்டாள். நீயும் போகப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான் சொன்னேன். அவள் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்து மீதியைத் தின்று தீர்த்தாள், எனக்கு ஒரு வாய்கூட வைக்கவில்லை. கரண்ட் வந்து ஃபிரிட்ஜ் முனக ஆரம்பித்தபோது என் மேல் சாய்ந்து தூங்கியிருந்தாள். கால் மரத்துப்போனது, அசையவில்லை.

இதோடு முடித்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மறுநாள் காலை எழுந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் வைத்த ரொட்டியைத் தின்று, "நல்லா இருக்கு, போதும்" என்றாள். ரொட்டி ஒரு பக்கம் கரி. சொல்ல வாயெடுத்ததையும் விழுங்கினதையும் பார்த்தேன். அப்பாவின் பேச்சு அவளுக்கு அவ்வளவு பெரிது. என் வார்த்தையால் அதை அழிக்க முடியாது.

உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. எனக்காகத்தான் சொல்லியிருக்கிறீர்கள், புது இடத்தில் நான் கஷ்டப்படக் கூடாது என்று. அந்த நல்ல மனசுக்காகத்தானே உங்களைக் கட்டிக்கொண்டேன். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சுமந்துகொண்டு அந்தப் பிள்ளை ஆறு மாதமாக இந்த வீட்டில் நுனிக்காலில் நடந்துகொண்டிருக்கிறது.

அதனால் இரண்டு கடிதம் எழுதுங்கள். ஒன்று அண்ணிக்கு. கடுகு வரமாட்டாள், லீவுக்கு வேண்டுமானால் ஒரு வாரம் வந்துவிட்டுத் திரும்புவாள் என்று, அவர்கள் மனசு நோகாமல் எழுதுங்கள். என் மேல் பழியைப் போட்டாலும் பரவாயில்லை, தாங்கிக்கொள்வேன்.

இன்னொன்று உங்கள் பெண்ணுக்கு. நீளமாக வேண்டாம். நீ அவளுக்குத் தொந்தரவு கொடுக்கலாம், அப்பா சொல்கிறேன், எவ்வளவு வேண்டுமானாலும் கொடு, அவள் போகமாட்டாள் என்று உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். எனக்குக் காட்டச் சொல்லி எழுதாதீர்கள். அவள் படித்தாளா என்று நானும் கேட்கமாட்டேன். உங்கள் கடிதம் வருகிற அன்றைக்கு நான் பீட்ரூட் செய்வேன், அதிலேயே தெரிந்துவிடும்.

கடல் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உங்கள் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உங்கள் கண்ணாடிக்கடைக்காரி