பின்பக்கமா ஓடினாலும் ஓட்டம்தான்

தூவா, ஓடிடுச்சுடி! நான் லேத்துல கடைஞ்ச குட்டி எஞ்சின் ஓடிடுச்சு!

நீ படகேறிப் போன கையோட, கஸ்டர்டு மேல சக்கரையைக் கருக்குற உன் கேஸ் டார்ச்சை எடுத்து, எஞ்சின் தலையில இருக்குற இரும்புக் குண்டைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சினேன். அந்தச் சூட்டுலதான் உள்ள டீசல் பத்திக்கும். சக்கரத்தை ஒரு சுண்டு சுண்டினேன். டொக்... டொக்... டொக்டொக்டொக்! மேசையும் ஆடுது, நானும் ஆடுறேன்.

என்ன, பின்பக்கமா சுத்துது. குண்டு சூடா இருந்தா இதுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். பக்கத்து வீட்டு டோர்கெல் பாத்துட்டு, "டேய், இதைப் படகுல வச்சா நேரா கரையில போய் இடிக்கும்டா"ன்னு சிரிக்கிறாரு.

"இது ஓடாம உங்கம்மா பிறந்தநாளுக்கு வரவே மாட்டேன்"னு நேத்து கத்தினேன்ல? பின்பக்கம் ஓடினது சேத்தி இல்லன்னு தப்பிச்சிருக்கலாம். ஆனா சேத்துக்கிட்டேன். சாயங்காலம் வர்றேன். அவங்களுக்குப் புடிச்ச பச்சை நிறக் கேக் வாங்கத்தான் இப்ப ஓடுறேன்.

பட்டாணி சூப் அடுப்புல இருக்கு, சாப்பிடு.

யோவார்

பி.கு: குண்டைத் தொடாதே, இன்னும் சுடும். சூப்புல டீசல் வாடை வந்தா அது உன் கற்பனை.

இன்னொண்ணு: எஞ்சினையும் கூட்டிட்டு வரலாமான்னு உங்கம்மாகிட்ட கேட்டு வை. சாப்பாட்டு மேசை மட்டும் கொஞ்சம் கெட்டியா இருக்கணும்.