ஆட்டம் இருக்கும் சனிக்கிழமை

செப்டம்பர் 10, செவ்வாய்

குளிர்காலத்துக்குத் தக்காளி ஒன்பது பாட்டில் போட்டு மூடினேன். ஒன்றின் மூடி சரியாக இறுகவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு எடுத்துவிட்டேன்.

திருச்சபை அலுவலகத்திலிருந்து போன். அக்டோபர் 12-ஆம் தேதி கால்பந்து ஆட்டத்துக்குக் கல்லூரியின் பழைய மாணவர்கள் ஊர் திரும்புகிறார்கள். அவர்களில் சிலர் நம் சபை வீடுகளில் தங்குவார்களாம். ‘ஊரில் பார்க்கவும் செய்யவும்’ என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். நாற்பது வருடமாகக் கல்லூரிக்குப் பின்தெருவில் இருக்கிறேன், ஒரு நாளும் அங்கே படிக்கப் போனதில்லை. அவர்கள் நூலகத்தில் கழித்துப்போட்ட புத்தகங்களைப் படித்துத்தான் எனக்கு நாலு எழுத்து தெரியும். ஆனாலும் என்னைத்தான் கேட்கிறார்கள். சரி என்றேன்.

செப்டம்பர் 12, வியாழன்

எழுத உட்கார்ந்தேன். மணிக்கூண்டு. மக்னோலியா மரங்களுக்கு நடுவே போகும் செங்கல் நடைபாதை. விவசாயக் கல்லூரி மாணவர்களே செய்து விற்கும் ஐஸ்கிரீம். வியாழன் மாலைகளில் பாண்டு வாத்தியக்காரர்கள் பழகும் மைதானம் — வேலிக்கு வெளியே நின்று கேட்கலாம். ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் கெளுத்தி மீன் பொரிக்கிற கடை. நம் அணியின் சின்னமான கோவேறு கழுதை, தொழுவத்தில். கேரட் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும்.

திருப்பிப் படித்தால் எல்லாம் ஐந்து வயதுப் பிள்ளைக்கு எழுதியது போல இருக்கிறது. பழைய மாணவர்கள் அறுபது வயதுக்காரர்கள். அவர்கள் எதற்குக் கழுதைக்குக் கேரட் கொடுக்கப்போகிறார்கள்?

செப்டம்பர் 15, ஞாயிறு

மின்னசோட்டாவிலிருந்து மகள் கார்லா பேசினாள். ஆறு நிமிடம். போன மாதம் நான்கு.

பேத்தி போனை வாங்கினாள். “உங்க ஊர்ல என்ன இருக்கு?” என்றாள். உங்க ஊர். கழுதையைப் பற்றிச் சொன்னேன். கடிக்குமா என்று கேட்டாள். யோசித்துவிட்டு, பொய் சொல்லக் கூடாதே, எப்பவாவது கடிக்கும் என்றேன். அதற்கு அவ்வளவு சிரிப்பு. இங்க்ரிடின் சிரிப்பை இதுவரை போனில்தான் கேட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 19, வியாழன்

தூக்கம் இல்லாமல் விடிந்தது. எழுதியே விடுகிறேன், இத்தனை வருடம் எழுதாததை.

எங்கள் மிசிசிப்பியில் உள்ளூர் ஆட்டம் இருக்கிற சனிக்கிழமை யாரும் கல்யாணம் வைப்பதில்லை. முடிந்தால் சாவதுகூட இல்லை. கார்லாவும் நீல்ஸும் தங்கள் கல்யாணத்துக்குத் தேதி குறித்தபோது ஆட்ட அட்டவணை வந்திருக்கவில்லை. வந்தபோது அதே தேதி. பத்திரிகை அச்சாகிவிட்டது. மாற்று என்றோம். மாட்டேன் என்றாள். என் கல்யாணம் பெருசா, பந்து பெருசா என்றாள்.

ஆலயத்தில் பாதி பெஞ்சு காலி. என் வீட்டுக்காரர் ஹாலிஸ் காதுக்குள் ரேடியோ செருகிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் உறுதிமொழி சொல்லும் நேரத்தில் தொடையைத் தட்டி “அப்படிப் போடு!” என்றார். அந்த ஒரு சொல்லுக்காக மகள் ஏழு வருடமாக ஊர்ப்பக்கம் வரவில்லை என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பொய்.

மைதானத்துக்கு வெளியே சபைப் பெண்களின் கூடாரம். சாப்பாடு விற்று மிஷனுக்குக் கொடுப்போம். என் நிறைத்த முட்டை இல்லாமல் அது நடந்ததில்லை — அவித்து, பாதியாக வெட்டி, மஞ்சள் கருவைக் கடுகோடு பிசைந்து வைப்பது. அன்று இருபது டஜன் ஒப்புக்கொண்டிருந்தேன். கேக் வெட்டுவதற்கு முன்னால், அரை மணியில் வந்துவிடுகிறேன் என்று கிளம்பினேன். கர்த்தருடைய வேலைதானே என்று நினைத்தேன். திரும்பும்போது தெருவெல்லாம் அடைத்துவிட்டார்கள். சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்தபோது நாற்காலி மடித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் போய்விட்டார்கள். அவள் போனதை நான் பார்க்கவே இல்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

கார்லாவை நானே கூப்பிட்டேன். பதினோரு நிமிடம். அக்டோபர் 19-ல் ஆட்டம் கிடையாது, ஊர் அமைதியாக இருக்கும், வாயேன் என்றேன்.

அதற்கு அவள்: “வேணாம்மா. ஆட்டம் இருக்கிற சனிக்கிழமையே வர்றேன். பன்னண்டாம் தேதி. ரெண்டு மணிக்கு வந்து சேருவோம். அப்ப வீட்ல யார் இருக்காங்கன்னு பாக்கணும்.”

செப்டம்பர் 24, செவ்வாய்

ஹாலிஸிடம் தேதியும் நேரமும் மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. சொல்லி இருக்கவைத்தால் அது இருப்பதா? முப்பத்தொரு வருடமாக, மகள் கல்யாணத்தன்று தவிர, ஓர் உள்ளூர் ஆட்டம் விட்டதில்லை மனுஷர்.

“ரெண்டரைக்கு ஆட்டம்” என்றார். அவ்வளவுதான். ரொட்டியைக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 2, புதன்

ஜெபக் கூட்டம் முடிந்து சிஸ்டர் ஒடெஸ்ஸா பிடித்துக்கொண்டார். கூடாரத்தை இருபத்தைந்து வருடமாக நடத்துகிறவர் அவர்தான். “வெர்னா, பன்னண்டாம் தேதி இருபத்தஞ்சு டஜன் முட்டை. உன் முட்டை இல்லேன்னா ஜனங்க எங்களக் கல்லால அடிப்பாங்க.”

ஆகட்டும் சிஸ்டர் என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. வீட்டு வாசல் வந்த பிறகுதான் உறைத்தது. எனக்கு என்ன ஆச்சு? ஒரு தடவை பட்டது போதாதா?

அக்டோபர் 3, வியாழன்

காலையிலேயே ஒடெஸ்ஸா வீட்டுக்குப் போனேன். முடியாது என்றேன். முதல் நாளே செய்து கொடுத்துவிடேன் என்றார். செய்தால் கொண்டுபோவேன், கொண்டுபோனால் நிற்பேன், என்னை எனக்குத் தெரியும் என்றேன்.

“பொண்ண அங்கேயே கூட்டிட்டு வாயேன்.”

“இல்ல சிஸ்டர். நான் வீட்ல இருக்கணும்.”

பிறகு மெதுவாக, “கல்யாணத்தன்னிக்கு, முட்டை எங்கேன்னு போன் போட்டு உன்ன இழுத்தது நான்தான், இல்ல?” என்றார். அவருக்கும் ஞாபகம் இருக்கிறது.

அக்டோபர் 11, வெள்ளி

படுக்கை விரித்தேன். இங்க்ரிடுக்குச் சின்னத் தலையணை. ஊருக்குள் கார் நுழைய இடமில்லை. மழை வேண்டாம் ஆண்டவரே.

அக்டோபர் 12, சனி

பத்தரை. ஹாலிஸ் அணியின் தொப்பியைப் போட்டு, மடக்கு நாற்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. போயிட்டார். போயிட்டாரே! சொல்லியிருக்கணுமோ நான்? வாய மூடிட்டு இருந்தது என் தப்பா?

இரண்டு. ஒருவரும் இல்லை.

இரண்டரை. ஆட்டம் தொடங்க மைதானத்தில் பீரங்கி வெடித்தது. ஊரே கத்துகிறது. தட்டுகளை எடுத்து வைத்தேன், மறுபடி அடுக்கினேன்.

இரவு.

மூன்று பத்துக்குக் கார் வந்தது. முன் சீட்டில் ஹாலிஸ், மடியில் அந்த நாற்காலி.

கார்லாதான் சொன்னாள். நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பும் இடத்தில், அடைப்புக்கு முன்னால் நாற்காலி போட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தாராம். அங்கே நின்ற போலீஸ்காரர் சிரித்திருக்கிறார்: “என்ன ஹாலிஸ், டிக்கெட்ட யாராவது அடிச்சுட்டாங்களா?” அதற்கு இவர், “எம்பொண்ணு வர்றா, வேலையப் பாருப்பா” என்றாராம். பிறகு பருத்தி ஆலைக்குப் பின்னால் மண் பாதையில் வழி சொல்லிக்கொண்டே கூட்டி வந்திருக்கிறார்.

காலையிலேயே சொல்லியிருந்தால் என்ன என்று கேட்டேன். “ரோட்ட அடைப்பானுங்க. ஏழு வருஷத்துல அவளுக்குப் பின்வழி மறந்திருக்கும்” என்றார்.

சாப்பிட்ட பிறகு அடுக்களையில் நானும் அவளும் மட்டும். அப்பாவ மட்டும் குத்தம் சொல்லாத, நான் போயிருக்கக் கூடாது என்றேன். கை ஈரத்தோடு நின்றாள்.

“கேக்க வெட்டாம நாப்பது நிமிஷம் நின்னேம்மா. வாசலையே பாத்துட்டு. வேற எதுக்காவது போயிருந்தாக்கூடப் பரவால்ல. முட்டைக்கு.”

அழுதேன். அவள் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு பாதியில் மாறிப்போனது. ஒரே துண்டில் இருவரும் முகம் துடைத்தோம்.

அக்டோபர் 13, ஞாயிறு

ஒன்பதரைக்கு ஆலய மணி அடித்தது. நான் போகவில்லை. பிள்ளைப்பேறு தவிர வேறு எதற்கும் விட்டதில்லை. கர்த்தருக்குத் தெரியும் நான் எங்கே இருக்கிறேன் என்று.

ஹாலிஸைத் தவிர எல்லாரும் தூங்குகிறார்கள். இங்க்ரிட் ஹாலிஸின் கைமேல் தலை வைத்து சோபாவில். கை மரத்துப்போச்சு என்று சாடை காட்டுகிறார், ஆனால் எடுக்கவில்லை. யார் ஜெயித்தார்கள் என்று இந்த வீட்டில் இதுவரை யாரும் கேட்கவில்லை.

வியாழன் வரை இருப்பதாக நீல்ஸ் சொன்னார். கார் வாசலில்தான் நிற்கிறது. விடிந்ததிலிருந்து மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.