இரண்டு என்று வைத்தால் இரண்டு

மார்ச் 3, 2025, திங்கள்

எங்கள் கம்பெனி சீனியர் ஜெயபாண்டி அண்ணன் விடுப்பு. லேசர் அளக்க முதல்முறையாக என்னைத் தனியாக அனுப்பினார்கள். வண்டியூர்ப் பக்கம் ஒரு கண் மருத்துவமனை. புரை ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பின்னாளில் கண்ணுக்குள் சவ்வு மூடினால், அதை லேசரால் திறக்கிற மெஷின். திரையில் வைக்கிற அளவுதான் வெளியே வருகிறதா என்று சென்சாரில் பார்க்க வேண்டும்.

மெஷினின் சக்தி பத்து மில்லிஜூல் வரை போகும். எடுத்ததுமே பத்தில் அடித்தால் சென்சாரின் பூச்சு பொசுங்கிவிடும். ஒளி குவிகிற புள்ளியில் வைத்தாலும் அதே கதிதான். அதனால் சென்சாரைத் தள்ளி, ஒளி விரிகிற இடத்தில் வைத்தேன். ஒன்றில் தொடங்கினேன். பூச்சு நன்றாக இருந்தது. பிறகு இரண்டு, டாக்டர் அதிகம் பயன்படுத்துவதும் அதுதான். இருபது முறை அடித்துச் சராசரி எடுத்தேன்.

2.9.

அண்ணனுக்குப் போன் செய்தேன். “சென்சார் கோளாறா இருக்கும்த்தா. அரைல வச்சுப் பாரு. சரியா வந்தா ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்துரு.”

அரையில் மீட்டரின் எண் நிலைக்காமல் நடுங்கியது. 0.4, 0.7, 0.5. அந்த நடுக்கத்தில் எந்த எண்ணையும் சரி என்று எழுதிவிடலாம். எழுதலாமா? எனக்கென்ன வந்துச்சுன்னு போட்டுட்டு வந்துரலாமா?

கையெழுத்துப் போடவில்லை.

டாக்டர் பவதாரிணியிடம் சொன்னேன்.

“நாளைக்கு இருபத்திரண்டு பேரை வரச் சொல்லிருக்கேன் சுபலட்சுமி. உறுதியாத்தான் சொல்றீங்களா?”

“உறுதியாச் சொல்றேன் டாக்டர். ரெண்டுன்னு நீங்க வச்சா மூணு கிட்டப் போகுது. ஆபரேஷன்ல கண்ணுக்குள்ள வச்ச லென்ஸ்ல குழி விழுந்துரும்.”

அவர் வரவேற்பில் சொல்லி, நாளைக்கு வர வேண்டாம் என்று இருபத்திரண்டு பேருக்கும் போன் போடச் சொன்னார்.

மார்ச் 4

சென்னைக்குப் போன் செய்து இன்னொரு சென்சார் அனுப்பச் சொன்னேன். சென்சார்தான் தப்பு என்றால்?

மார்ச் 6, வியாழன்

சென்னையிலிருந்து வேறொரு சென்சார் வந்தது. அதே இடம், அதே இரண்டு, இருபது முறை. 2.88.

ஜெயபாண்டி அண்ணன் நேரில் வந்து மெஷினைத் திறந்தார். தன் ஒளியைத் தானே கண்காணிக்க உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது. அதில் தூசி படலமாய்ப் படிந்திருந்தது. வெளிச்சம் குறைகிறது என்று நினைத்து மெஷின் கூட்டிக் கூட்டி அடித்திருக்கிறது. துடைத்துச் சரிசெய்து அளந்தோம். 2.03.

அண்ணன் அறிக்கையை என் பக்கம் தள்ளினார். “நீயே போடு. ஒன்னோட அளவுதான.”

போட்டேன். முழுப் பெயரையும் எழுதினேன்.

ஜூன் 12, வியாழன்

அம்மாவுக்கு இடது கண்ணில் சவ்வு. அந்த மெஷின்தான். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். உள்ளே “டப் டப்” என்று சத்தம். இரண்டு என்று வைத்தால் இரண்டுதான்.

ஜூன் 15

அலங்காநல்லூர் பஸ் ஸ்டாப். தூரத்தில் வந்த பஸ்ஸின் பெயர்ப்பலகையை அம்மா படித்துவிட்டுக் கை காட்டினாள். நான் இன்னும் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தேன்.