யானை அட்டையை எங்கே கொழுவுவது

பெப். 9, திங்கள்
காலையில் தூறல், பத்து மணிக்குமேல் சுட்டெரிக்கும் வெயில். குடையை பஸ்ஸில் விட்டேன். இந்த மாதத்தில் இரண்டாவது குடை.

நோன்பு விடுமுறைக்கு முன் முடிக்க வேண்டியவை:
- தரம் 7, சூழற்றொகுதி அலகு
- வரவு இடாப்பு
- வியாழன் ஆசிரிய ஆலோசகர் வருகிறார், மாதிரிப் பாடம் என் தலையில்
- வீட்டில் திரைச்சீலை கழுவுதல்

இன்று வாழிட விளையாட்டு. கரும்பலகைக்குக் குறுக்கே நூல் கட்டி ஐந்து அட்டைகள்: காடு, வயல், களப்பு, கடற்கரை, குளம். பெட்டியிலிருந்து ஓர் உயிரினத்தை எடுத்து, அதன் வாழிடத்துக்குக் கீழே கொழுவ வேண்டும். நண்டுக்கு அடிபிடி. கொக்கு வயலா, களப்பா என்று பெரிய வழக்கு. இரண்டும் சரி என்று தீர்ப்புச் சொன்னேன்.

யானை ரிஸ்னாவுக்கு விழுந்தது. கடைசி வாங்கில் உட்காருகிற, வாயே திறக்காத பிள்ளை. ஐந்து அட்டைகளையும் பார்த்தாள். என்னிடம் வெற்று அட்டை ஒன்று கேட்டு, ‘குப்பைமேடு’ என்று எழுதி, நூலில் ஆறாவதாக மாட்டி, அதன் கீழே யானையைக் கொழுவினாள்.

வகுப்பு சிரிப்பதற்கு முன் சிரித்தது நான்தான்.

“ஏன் புள்ள, யானைக்குக் காடு புடிக்கல்லியாம்? ஒங்கட வீட்டுக்குப் பக்கத்துல வளவு பாத்துக் குடுத்திரிக்கியோ?”

அவள் வீடு குப்பை கொட்டும் இடத்துக்குப் பக்கத்தில் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். கூரை பறக்கச் சிரிப்பு. அவள் அட்டையைக் கழற்றவில்லை. நான் கழற்றிக் குப்பை வாளியில் போட்டேன்.

இரவுக்குக் கீரி மீன் ஆணம். உப்புக் கூடிவிட்டது.

பெப். 10, செவ்வாய்
வெயில். தலையிடி.

இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் கேட்டது: “குப்பைமேட்டு யான வருகுது, வழி உடுங்க!” ரிஸ்னா போத்தலை நிரப்பாமலே திரும்பிப் போனாள். அதட்டினேன். முன் வாங்குக்காரி ஒருத்தி, பயமே இல்லாமல்: “நீங்களும் சிரிச்சீங்கதானே டீச்சர்.”

அவளை வகுப்புக்குப் போகச் சொன்னேன்.

பிறகு வியாழனுக்கு ஒத்திகை. அட்டைகளின் பின்பக்கம் பென்சிலால் பெயர், யார் எதை எடுக்க வேண்டும் என்று. வெட்கக்கேடுதான், ஆனாலும் எல்லாப் பள்ளியிலும் நடப்பது. யானையை ரிஸ்னாவுக்கே கொடுத்தேன். ஆலோசகர் முன் சரியான விடை சொன்னால் கேலி நின்றுவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். அவள் மறுபடியும் குப்பைமேடு என்று சொல்லி என் பாடத்தைக் கெடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

“காடெண்டு சொல்லணும், என்ன?”

“ஓம் டீச்சர்.”

பெப். 12, வியாழன்
புது அபாயா. விசிறி வேலை செய்யவில்லை, வியர்த்துக் கொட்டியது.

பாடம் நூலில் கோத்த மாதிரிப் போனது. ஆலோசகர் பின் வாங்கில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தார். ரிஸ்னா எழும்பி, யானையைக் காட்டின் கீழே கொழுவினாள்.

“கெட்டிக்காரி. யானையக் கண்டிரிக்கியா மகள்?”

அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“இல்ல சேர்.”

பதிவேட்டில் ‘மிகச் சிறப்பு’ என்று எழுதிவிட்டுப் போனார். பள்ளி அதிபர் கடையிலிருந்து பற்றீஸ் எடுப்பித்தார். இரண்டு தின்றேன்.

காடு என்று சொல்லத்தான் பழக்கினேன். ‘இல்ல’ என்று சொல்ல நான் பழக்கவில்லை. எனக்கு என்ன தேவை என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள். பன்னிரண்டு வயது.

பெப். 14, சனி
மப்பு. மழை இல்லை.

அஸர் தொழுகைக்குப் பிறகு ஓட்டோ பிடித்து ரிஸ்னா வீட்டுக்கு. கணவரிடம் தையற்கடைக்கு என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்கப் போகிறவளுக்கு அதற்கும் ஒரு பொய்.

வயலெல்லாம் அறுவடை மெஷின். வயல் முடியும் இடத்தில் ஓட்டோக்காரர் நிறுத்திவிட்டார். “இதுக்கு மேல போகேலா டீச்சர். யான நிக்கிது, பாருங்க.”

ஏழு. ஒன்று குட்டி. குப்பை ட்ரெக்டர் கொட்டிக்கொண்டிருக்கிறது, அவை மிரளவில்லை, வரிசைக்கு நிற்கிற மாதிரி நிற்கின்றன. ஒன்று காலால் பையை அமுக்கிப் பிரித்து, சோறு சுற்றும் லஞ்ச் சீட்டை, ஒட்டியிருந்த சோற்றோடு வாய்க்குள் வைத்தது. வழியில் கிடந்த யானை இலத்தியில் பொலித்தீன் துண்டுகள். நான் வெள்ளிதோறும் குப்பை கட்டி வைக்கிற அதே பச்சைப் பைகள். எங்கள் வீட்டுப் பை எது என்று சொல்ல முடியாது. எல்லார் வீட்டுப் பையும் ஒன்றுதான்.

மிச்சத்தூரம் நடந்தேன். ரிஸ்னாவின் உம்மா வாசல் படலைக்கே ஓடி வந்தார். கதிரையைத் துடைத்து, பிளேன்டீ போட்டு, ஒரே உபசாரம். ரிஸ்னா கதவோரம்.

நான் வாயைத் திறப்பதற்குள் உம்மா தொடங்கிவிட்டார். “இவ ஒங்களப் பத்தித்தான் டீச்சர் எந்த நேரமும் கதைக்கிற. இவட யான அட்டைய எல்லாருக்கும் காட்டி, நல்லா இரிக்கெண்டு சொன்னீங்களாமே. பள்ளிக்குப் போக மாட்டனெண்டு அழுற புள்ள இவ. அல்லாஹ் ஒங்களுக்குப் பறக்கத் செய்வான்.”

ரிஸ்னா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஓம்,” என்றேன். “நல்ல அட்டை.”

வந்த காரியத்தைச் சொல்லாமலே பிளேன்டீயைக் குடித்து முடித்துவிட்டுத் திரும்பினேன். சீனி கூட. எனக்கென்று கூடப் போட்டிருப்பார்கள்.

பெப். 15, ஞாயிறு
திரைச்சீலை கழுவவில்லை. புது அட்டை வெட்டினேன். ‘குப்பைமேடு’ என்று நானே எழுதினேன். எழுத்து மூன்று தரம் கோணியது.

பெப். 16, திங்கள்
நல்ல காற்று. நாளையோடு பள்ளி மூடுகிறது.

முதலாம் பாடம். ஆறாவது அட்டையை மாட்டினேன். சொன்னது: ரிஸ்னா சொன்னது சரி. டீச்சர்தான் பிழை. சிரித்ததும் பிழை, காடென்று சொல்ல வைத்தது அதைவிடப் பிழை. சனிக்கிழமை என் கண்ணால் கண்டேன். அந்தப் பெயரை இனி யாரும் சொல்லக் கூடாது, அது நான் வைத்த பெயர்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

“குப்பைமேட்டுல யானையக் கண்ட ஆக்கள் கைய உயர்த்துங்க.”

முதலில் ஒன்று. பிறகு இரண்டு, மூன்று. எண்ணினேன், பதினொரு கை. அன்றைக்கு என்னோடு சேர்ந்து சிரித்தவர்களும் அதில்.

ரிஸ்னா, வியாழனன்று ‘இல்ல சேர்’ என்றபோது போலவே, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை மேசை மேலேயே இருந்தது.