முப்பத்திரண்டாவது ரிங் கட்

மார்ச் 3, திங்கள்
ஐந்தே முக்காலுக்குக் கண்டி பஸ் என் தேத்தண்ணிக் கடை வளைவைத் தாண்டியது. முப்பத்தொரு பேருக்கு ரிங் கட் கொடுத்தேன். பஸ் வருகிறது என்று தெரிவிக்க, ஒரு தடவை அடிக்கவிட்டு வெட்டினால் போதும், காசு போகாது. கீழே ஹுன்னஸ்கிரியத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில் இருக்கிறவர்கள் சந்திக்கு இறங்கிவிடுவார்கள். என் மச்சான் கணேசுக்காக ஆரம்பித்தது இது. பல் வலியோடு பஸ்ஸுக்காக ஒரு மணி நேரம் பனியில் நின்றான். பல்லைப் பிடுங்கின பிறகும் ரிங் கட் கேட்டான் பாருங்கள், அது வேறு கதை.

திலக்ஷன் வந்திருந்தான். மேல் லயத்து ஆள், கண்டியில் கம்ப்யூட்டர் வேலை. இரண்டு ஆப் செய்தும் யாரும் தொடவில்லையாம்.

"நல்லாருக்கான்னு கேட்டா, நல்லாருக்கு தம்பிங்கிறாங்க மாமா. ஒருத்தரும் போன்ல போட மாட்டேங்கிறாங்க."

வந்தவன் மனசு நோகக் கூடாதே. நானும் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

ரிங் கட் கொடுக்கிற என் விரலையே பார்த்தான். "இதான் மாமா! இனி யாரையும் கேக்கத் தேவையில்ல. வேணும்கிறத ஏற்கனவே செஞ்சுகிட்டு இருக்காங்களே."

மார்ச் 21, வெள்ளி
ஆப் வந்துவிட்டது. கண்டக்டர் பவாஸ் என் கடையடியில் பட்டனை அமத்தினால் ஆப் போட்ட எல்லார் போனிலும் மணி அடிக்கும். தான் கண்டுபிடித்ததாகத் திலக்ஷன் பேஸ்புக்கில் படம் வேறு போட்டிருக்கிறானாம். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டானா? ஒம்பது வருசம்! நீ கண்டுபிடிச்சது என் வெரலடா!

மார்ச் 22
கீழ் லயத்து ரத்தினம்மாக்காவின் மகள் சுகிர்தா வந்தாள். "ஆப் இருக்கு, இனி ஒங்களுக்கு அடிக்கிற கரச்சல் இல்ல மாமா. எங்க நம்பர அழிச்சிருங்க."

நல்லது தாயி என்றேன். உள்ளே எரிந்தது. இனி ஒருத்தருக்கும் குடுக்க மாட்டேன். போங்க.

ஏப்ரல் 1, செவ்வாய்
பவாஸ் நோன்புப் பெருநாள் லீவில் போய்விட்டான். பட்டனை அமத்த ஆளில்லை. என் கண் முன்னால் பஸ் போனது. போன் கையில்தான் இருந்தது. அடிக்கல.

பின்னேரம்தான் தெரிந்தது. ரத்தினம்மாக்காவுக்கு இன்று கண்டியில் கண் ஒப்பரேஷன். மணி அடிக்கும் அடிக்கும் என்று தாயும் மகளும் லயத்திலேயே இருந்திருக்கிறார்கள். அடுத்த தேதி ஆகஸ்டில்.

கோவம் திலக்ஷன் மேல. அக்கா கண்ணு என்னய்யா பண்ணுச்சு?

ஏப்ரல் 3
திலக்ஷன் ஓடி வந்தான்.

"ஏன் மாமா அடிக்கல?"

"நீ ஏன்டா கேக்கல?"

பிறகு மெதுவாகச் சொன்னான்: "பட்டன எடுத்துடுறேன். எனக்கும் ஒரு ரிங் கட் குடுங்க. அது வந்ததும் எல்லார் ஆப்புலயும் மணி அடிக்கும், ஒங்க பேரோட. நல்லாருக்கா?"

"நல்லால்ல. ஆப் ஓடாத பட்டன் போன் வச்சிருக்கவன் என்ன செய்வான்? அவங்களுக்கு நான்தான் அடிக்கணும்."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. நல்லால்ல என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லையாம். நான் சொன்னதைக் கொப்பியில் எழுதிக்கொண்டான். நான் நாலாம் வகுப்போடு நின்றவன்.

ஏப்ரல் 7, திங்கள்
முப்பத்திரண்டு ரிங் கட். ஆப் இருக்கிறவர்களையும் விடவில்லை. திலக்ஷன் கடைசி. கோபம் தீரவில்லை, கடைசியிலேயே கிடக்கட்டும்.

முதலாவது ரத்தினம்மாக்கா வீட்டுக்கு. அந்த நம்பரை நான் அழிக்கவேயில்லை. ரிங் கட்டை யாரும் எடுப்பதில்லை. நான் வெட்டுவதற்குள் அக்கா எடுத்துவிட்டார்.

"ஆகஸ்டுலயும் அடிப்பீங்கள்ல?"

காசு போய்க்கொண்டிருந்தது. வெட்டவில்லை.